ஆஸ்பத்திரியில டிக்கட் வெட்டி வந்த டயக்னோசிஸ் காட்டுல எழுதியிருக்க இங்கிலிஸ் சொல்லுங்களுக்கு அர்த்தம்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

டிக்கோயாவோ நுவரெலியாவோ பதுளையோ கண்டியோ, எந்த ஆஸ்பத்திரியில இருந்து டிக்கட் வெட்டி, அதாவது வாட்டுல இருந்து விட்டு, வீட்டுக்கு வந்தாலும் கையில ஒரு டயக்னோசிஸ் காட் குடுத்து விடுவாங்க, அதுல நம்ம நிலைமை பூரா இங்கிலிஸ்ல தான் இருக்கும். பேரும் வயசும் வாட் நம்பரும் தவிர ஒண்ணும் விளங்காது. மடிச்சி பையில வச்சிட்டு அடுத்த கிளினிக் அன்னிக்கு தான் வெளிய எடுக்குறோம், இல்லாட்டி ஸ்கூல் போற புள்ளகிட்ட குடுத்து வாசிக்க சொல்றோம். அந்த புள்ள போன்ல தேடி சொல்ற அர்த்தம் ஒண்ணா இருக்கும், டொக்டர் எழுதுன அர்த்தம் வேற ஒண்ணா இருக்கும். அதனால தேவையில்லாம அழுறவங்களும் இருக்காங்க, போக வேண்டிய நேரத்துல போகாம வீட்டுல இருந்துடுறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது தான் எனக்கு ரொம்ப கவலை. எங்க தேயிலை தோட்டத்துல பக்கத்து லயத்து வீடுகள்ல இருந்தெல்லாம் காட்ட கொண்டுவந்து கேக்குற சொல்லுங்கள இங்க சேத்து எழுதியிருக்கேன். எந்த மருந்து, எவ்வளவுங்குறத டொக்டர்கிட்டயே கேளுங்க, இது சொல்லுக்கு அர்த்தம் மட்டும் தான்.

அக்யூட்னா சீரியஸா? குரோனிக்னா இனி சுகமே வராதா?

ரெண்டும் காலத்த சொல்ற சொல்லு, கடுமைய சொல்றது இல்ல. அக்யூட்னா திடீர்னு வந்தது. குரோனிக்னா ரொம்ப நாளா இருக்குறது, வழக்கமா 3 மாசத்துக்கு மேல. அக்யூட் டொன்சிலைட்டிஸ்னா இப்ப புதுசா வந்த தொண்டை வீக்கம், மருந்து குடிச்சா போயிரும். ஆனா அக்யூட் எம்.ஐ.னு இருந்தா அது மாரடைப்பு. அதனால முன்னால இருக்க சொல்ல விட்டுட்டு பின்னால என்ன எழுதியிருக்குனு பாருங்க, அதுல தான் விஷயம் இருக்கு.

குரோனிக்ல அதிகமா பயப்படுறது கிட்னி விஷயத்துக்கு. சி.கே.டி. (ரொம்ப நாளா இருக்க கிட்னி வருத்தம்) ஸ்டேஜ் 3னு எழுதியிருந்தா கேன்சர் மூணாவது கட்டம் மாதிரினு நினைச்சி வீட்டுல சாப்பாடே இறங்காம இருந்தவங்கள பாத்திருக்கேன். அந்த ஸ்டேஜ் வேற, இந்த ஸ்டேஜ் வேற. கிட்னி எவ்வளவு வடிகட்டுதுனு ஈ.ஜி.எஃப்.ஆர்.னு ஒரு கணக்கு போடுவாங்க, அது 30க்கும் 59க்கும் நடுவுல இருந்தா ஸ்டேஜ் 3, 15க்கு கீழ போனா ஸ்டேஜ் 5. ஸ்டேஜ் 3லயே பல வருஷம் நல்லா வேலை செஞ்சிக்கிட்டு இருக்கவங்க நிறைய. ஆனா அதுக்கு பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டுல இருக்கணும், முக்கியமா இடுப்பு வலிக்கு டவுன்ல பாமசியில கேட்டு வாங்கி போடுற நோவு மாத்திரைய டொக்டர கேக்காம போடவே கூடாது. கொழுந்து எடுக்குறவங்களுக்கு இடுப்பு வலி இல்லாத நாள் இல்ல, அதனால இத அழுத்தி சொல்றேன், டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைங்க கிட்னிய இன்னும் கெடுக்கும்.

அக்யூட் ஒன் குரோனிக்னு ரெண்டும் சேந்து வந்தா, பழைய வருத்தம் இப்ப திடீர்னு கூடியிருக்குனு அர்த்தம்.

"ஸ்டேபிள்"னு எழுதியிருக்கு, அப்ப சுகமாயிருச்சா?

இல்ல. நாடி, பிரஷர், மூச்சு எல்லாம் இப்போதைக்கு ஏறி இறங்காம ஒரே மாதிரி இருக்குனு தான் அர்த்தம். வருத்தம் அப்பிடியே இருக்கலாம். கிரிட்டிக்கல்னா உயிருக்கு ஆபத்தான நிலைமை. கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்னு சொன்னா ஆபத்து இன்னும் போகல, ஆனா இப்ப மோசமாகவும் இல்லனு எடுத்துக்கணும். இம்ப்ரூவ்ட்னா முன்னைக்கு பரவாயில்ல. புரொக்னோசிஸ் காடட்னு ஒண்ணு இருக்கு, இனி எப்பிடி போகும்னு டொக்டராலயும் இப்ப உறுதியா சொல்ல ஏலாதுனு அர்த்தம். அந்த சொல் இருந்தா வெளியூர்ல வேலை செய்யுற புள்ளைங்களுக்கு தகவல் சொல்லிடுங்க.

நெகட்டிவ்னு ரிப்போட் வந்தா கெட்டதா?

அனேகமா நல்லது. எத தேடுனாங்களோ அது இல்லனு அர்த்தம். நான் ரியாக்டிவ், நோ குரோத், என்.ஏ.டி., அன்ரிமாக்கபிள், இது எல்லாமே நல்ல சொல்லுங்க தான். நோ குரோத்னா கிருமி எதுவும் வளரல, என்.ஏ.டி.னா பாத்த அளவுல கோளாறு ஒண்ணும் தெரியல, அன்ரிமாக்கபிள்னா ஸ்கேன்ல தனியா சொல்லுற மாதிரி எதுவும் இல்ல. புள்ளத்தாச்சி அம்மாமாருக்கு கிளினிக்ல சிபிலிஸ்ங்குற பாலியல் வருத்தம் இருக்கானு பாக்க வி.டி.ஆர்.எல்.னு ரத்தம் எடுப்பாங்க, அதுல நான் ரியாக்டிவ்னு வந்தா சந்தோஷப்படலாம். அந்த டெஸ்ட எல்லா தாய்மாருக்கும் தான் எடுக்குறாங்க, ஒருத்தர சந்தேகப்பட்டு எடுக்குறது இல்ல. அப்பிடி எல்லாரையும் விடாம பாத்ததால தான் தாயில இருந்து புள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுறத ஒழிச்ச நாடுனு இலங்கைக்கு 2019ல உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்துச்சு.

ஆனா ரத்த வகையில வர்ற நெகட்டிவ் வேற. ஓ நெகட்டிவ், பி நெகட்டிவ்னா அது டெஸ்ட் முடிவு இல்ல, பிறப்புலயே உள்ள ரத்த இனம். தாய்க்கு நெகட்டிவ் இருந்து புள்ளைக்கு பொசிட்டிவ் இருந்தா, பிரசவம் முடிஞ்சி 72 மணித்தியாலத்துக்குள்ள அன்டி டினு ஒரு ஊசி போடணும், அடுத்த புள்ளைக்கு ஆபத்து வராம இருக்க. கரு கலைஞ்சாலும் அந்த ஊசி தேவைப்படலாம். அதனால நெகட்டிவ் ரத்தம் உள்ள அக்காமார் எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும் அத முதல்லயே வாயால சொல்லிடுங்க, காட்ட பாத்துக்குவாங்கனு விட வேணாம்.

வருத்தத்தோட பேருக்கு முன்னால கேள்விக்குறி போட்டிருக்கே?

சந்தேகம்னு அர்த்தம். கேள்விக்குறி போட்டு டி.பி.னு எழுதியிருந்தா டி.பி.யா இருக்குமோனு பாக்குறாங்க, இன்னும் முடிவு பண்ணல. சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் வந்தப்புறம் தான் தெரியும். அதுக்குள்ள லயம் பூரா சொல்லி அந்த மனுசர ஒதுக்கி வைக்கிறது பெரிய பாவம். டி.பி.யே தான்னு முடிவானாலும் வழக்கமா 6 மாச மருந்துல முழுசா சுகமாகுற வருத்தம் அது, மருந்து இலவசம், இடையில நிப்பாட்டாம இருந்தா போதும்.

எச்பி 9.2, மொடரேட் அனீமியானு போட்டிருக்கு. சத்து மாத்திரை குடிச்சும் ஏறல, ஏன்?

இது தான் நம்ம பக்கம் ஆக அதிகமா வர்ற கேள்வி. அனீமியானா ரத்தத்துல எச்பி, அதாவது ஹீமோகுளோபின், குறைவு, நம்ம ஆளுங்க ரத்தம் இல்லனு சொல்றது. புள்ளத்தாச்சிக்கு 11க்கு கீழ, மத்த பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ, ஆம்பளைங்களுக்கு 13க்கு கீழ போனா அனீமியா. கர்ப்ப காலத்துல 10ல இருந்து 10.9 வரைக்கும் மைல்ட், 7ல இருந்து 9.9 வரைக்கும் மொடரேட், 7க்கு கீழ சிவியர். மைல்ட்னா லேசு, மொடரேட்னா நடுத்தரம், சிவியர்னா கடுமை, இந்த மூணு சொல்லும் எந்த வருத்தத்துக்கு முன்னால வந்தாலும் இதே வரிசை தான்.

மாத்திரை குடிச்சும் ஏறாததுக்கு முதல் காரணம் பல வீட்டுல தேத்தண்ணி. நம்ம தான் உலகத்துக்கே தேயிலை குடுக்குறோம், காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் பிளேன்டீ தான், மாத்திரையையும் அந்த பிளேன்டீயோடயே விழுங்குறோம். தேயிலையில இருக்க டெனின் இரும்புச்சத்த பிடிச்சி வச்சிக்கும், உடம்புல சேர விடாது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் குறைஞ்சது ஒரு மணித்தியாலம், முடிஞ்சா ரெண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்க. வெறும் தண்ணியில குடிங்க, கிளினிக்ல குடுக்குற விட்டமின் சி மாத்திரையோட சேத்து குடிச்சா இன்னும் நல்லா பிடிக்கும், தேசிக்கா தண்ணியும் உதவும். கல்சியம் மாத்திரைய மட்டும் அதோட சேத்து போடாதீங்க, ஒண்ண காலையில ஒண்ண ராத்திரியிலனு பிரிச்சி போடுங்க, இத மிட்வைஃப் மிஸ்மாரும் சொல்லுவாங்க. மலம் கறுப்பா போகும், அதுக்கு பயந்து நிறைய பேர் நிப்பாட்டிடுறாங்க, அது இரும்போட நிறம் தான்.

ரெண்டாவது காரணம் புழு. கொக்கிப்புழு கால் தோல் வழியா ஏறி குடல்ல இருந்து ரத்தம் குடிக்கும், மலையில செருப்பு இல்லாம நடக்குறவங்களுக்கு இது சாதாரணமா வரும். கிளினிக்ல புழு மாத்திரை தந்தா வாங்கி போட்டுடுங்க, எங்கயாச்சும் வச்சிட்டு மறந்துறாதீங்க.

மூணாவது, ரிப்போட்ல தலசீமியா ட்ரெயிட்னு இருந்தா அது வேற கதை. தலசீமியாங்குறது பரம்பரையா வர்ற ரத்த வருத்தம். ட்ரெயிட், கேரியர், மைனர்னா அந்த குணம் ரத்தத்துல இருக்கு, ஆனா ஆள் நோயாளி இல்ல. எச்பி எப்பவும் கொஞ்சம் குறைவாவே இருக்கும், அந்த குறைவ இரும்பு மாத்திரை சரி பண்ணாது. ஆனா புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருமே கேரியரா இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு கடுமையான தலசீமியா வர வாய்ப்பு இருக்கு. அதனால ட்ரெயிட்னு எழுதியிருந்தா வீட்டுல கல்யாண வயசுல இருக்க தம்பி தங்கச்சிமாரையும் டெஸ்ட் எடுக்க சொல்லுங்க.

எனக்கு எந்த டென்சனும் இல்ல, ஆனா ஹைப்பர்டென்சன்னு எழுதிட்டாங்க?

மனசு டென்சனுக்கும் இதுக்கும் பேர் தான் ஒரே மாதிரி. ஹைப்பர்டென்சன்னா பிரஷர் கூட, 140க்கு 90 அல்லது அதுக்கு மேல திரும்ப திரும்ப வந்தா அப்பிடி எழுதுவாங்க. நான் நல்லா தான இருக்கேன், தலை சுத்து கூட இல்லனு மாத்திரைய நிப்பாட்டாதீங்க, பிரஷர் கூடுனா அனேகமானவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பாரிசவாதம் வந்தப்புறம் தெரிஞ்சி என்ன செய்ய?

இங்கிலிஸ்ல ஹைப்பர்னு ஆரம்பிச்சா கூட, ஹைப்போனு ஆரம்பிச்சா குறைவு. கடைசியில ஒண்ணு ரெண்டு எழுத்து தான் வித்தியாசம், கை எழுத்துல பாத்தா விளங்காது, கேட்டு உறுதிப்படுத்திக்குங்க. ஹைப்போகிளைசீமியானா சீனி 70க்கு கீழ போறது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்குறவங்க காலை சாப்பாடு இல்லாம மலைக்கு போனா இது வரும், வேர்த்து கொட்டும், கை நடுங்கும், பேச்சு குளறும். சுயநினைவு இருந்தா உடனே சீனி கரைச்ச தண்ணி குடுங்க. நினைவு இல்லாட்டி வாயில எதுவும் ஊத்தாதீங்க, 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்குறது இல்ல.

டி.எஸ்.எச். கூட இருக்கு, ஆனா ஹைப்போதைரொயிட்னு எழுதியிருக்கு. எது சரி?

ரெண்டும் சரி. டி.எஸ்.எச்.ங்குறது கழுத்துல இருக்க தைரொயிட் சுரப்பிய வேலை செய்ய சொல்லி மூளைப்பக்கம் இருந்து வர்ற உத்தரவு. தைரொயிட் சோம்பிப்போனா உத்தரவு கூடும். அதனால டி.எஸ்.எச். கூடுனா தைரொயிட் குறைவு.

தம்பிக்கு மெடிக்கல்ல "ஃபிட்"னு எழுதிட்டாங்க, அவனுக்கு வலிப்பு ஒண்ணும் இல்லையே?

வேலைக்கு எடுக்குற மெடிக்கல்ல ஃபிட்னு இருந்தா உடம்பு தகுதி, வேலைக்கு போகலாம்னு அர்த்தம். அன்ஃபிட்னா இப்போதைக்கு ஏலாது. லைட் டியூட்டினா பாரம் தூக்காத வேலை குடுக்கணும், அந்த துண்ட கங்காணிகிட்ட வாயால சொல்லாம ஒபிஸ்ல குடுத்து பதிவு பண்ணிக்குங்க. டயக்னோசிஸ் காட்டுல வர்ற ஃபிட் இல்லாட்டி ஃபிட்ஸ் தான் வலிப்பு.

சின்ன புள்ளைங்க காட்டுல ஃபெப்ரைல் கன்வல்சன்னு இருந்தா காச்சலால வந்த வலிப்பு. 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் வரும், பாக்க உயிரே போற மாதிரி இருக்கும், ஆனா பெரும்பாலும் அதுல மூளைக்கு கெடுதி இல்ல, அது காக்கா வலிப்பும் இல்ல. புள்ளைய ஒரு பக்கமா சரிச்சி படுக்க வைங்க. கையில சாவிக்கொத்து குடுக்குறதும் பல்லுக்கு நடுவுல கரண்டி வைக்கிறதும் வேணாம், பல்லு உடைஞ்சி மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். 5 நிமிசத்துக்கு மேல நிக்காட்டி 1990. முதல் தடவை வந்தா நின்னப்புறமும் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய் காட்டணும்.

காட்டுல "த்ரெட்டன்ட் அபோசன்"னு எழுதியிருக்கு. நாங்க கலைக்கவே இல்ல, பொலிஸ் கேஸ் ஆயிருமா?

ஆகாது. இந்த ஒரு சொல்லால எத்தனையோ வீட்டுல சண்டை, மாமியார் மருமக பேச்சுவார்த்தை இல்ல, புருசன் சந்தேகப்பட்டு கேக்குறது எல்லாம் நடந்திருக்கு, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

ஊர்ல அபோசன்னா வேணும்னு கலைக்கிறத தான் சொல்லுவோம். நம்ம நாட்டு தண்டனைச் சட்டக்கோவையில 303ஆம் பிரிவுப்படி தாயோட உயிர காப்பாத்துறதுக்கு தவிர அப்பிடி கலைக்கிறது குற்றமும் கூட. ஆனா டொக்டர்மார் எழுதுற அபோசன் கரு தானா கலையுறதையும் சேத்து சொல்ற சொல்லு. யாரோ ஏதோ செஞ்சாங்கனு அதுல ஒண்ணும் இல்ல. இப்ப சிலர் அதுக்கு பதிலா மிஸ்கரேஜ்னு எழுதுறாங்க, அது நல்லது.

த்ரெட்டன்ட்னா கலையுற மாதிரி அறிகுறி வந்திருக்கு, ரத்தம் பட்டிருக்கு, ஆனா கர்ப்பவாய் மூடியிருக்கு, கரு இன்னும் உள்ள இருக்கு. இப்பிடி வந்தவங்கள்ல நிறைய பேருக்கு புள்ள நல்லபடியா பிறந்திருக்கு. இனெவிட்டபிள்னா இனி தடுக்க ஏலாது. இன்கம்ப்ளீட்னா கலைஞ்சிருச்சு, ஆனா உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கு, அத வெளிய எடுக்கணும், இல்லாட்டி ரத்தம் போய்க்கிட்டே இருக்கும், காச்சலும் வரும். கம்ப்ளீட்னா முழுசா வெளிய வந்துருச்சு. மிஸ்ட் அபோசன்னா கரு உள்ளயே உயிர் போயிருச்சு, ஆனா ரத்தமோ வலியோ வெளிய தெரியல. இத கேட்டுட்டு "நான் எத மிஸ் பண்ணேன்"னு ஒரு அக்கா அழுதாங்க, தாய் எதையும் தவறவிட்டதா அதுல அர்த்தமே கிடையாது. ஆரம்பத்துல கலையுற கருவுல பாதிக்கு கிட்ட கரு உருவாகும்போதே வந்த குரோமோசோம் கோளாறு தான் காரணம், தாய் கூடை தூக்குனதோ படி ஏறுனதோ அந்த கோளாற உண்டாக்காது. வீட்டுல இருக்க ஆம்பளைங்க இந்த பந்திய ரெண்டு தடவை வாசிங்க.

குளவி கொட்டுனவருக்கு "அனஃபிலக்டிக் சொக்"னு எழுதியிருக்கு, கரண்ட் சொக் மாதிரியா?

இல்ல. சொக்னு ஆஸ்பத்திரியில எழுதுனா பிரஷர் ரொம்ப இறங்கி உடம்புக்கு ரத்தம் போதாம போற நிலைமை, அதிர்ச்சி செய்தி கேட்டு வர்றதும் இல்ல, கரண்ட் அடிச்சி வர்றதும் இல்ல. ரத்தம் நிறைய போனாலும் வரும், கிருமி ரத்தத்துல கலந்தாலும் வரும், அலர்ஜியாலயும் வரும். அலர்ஜியால வந்தா தான் அனஃபிலக்டிக்.

மலையில குளவி கலைஞ்சா ஒரே நேரத்துல பத்து பன்னெண்டு பேருக்கு கொட்டிடும், யார முதல்ல அனுப்புறதுனு தெரியாம நிப்போம். கொட்டுன இடம் மட்டும் வீங்குனவங்க கொஞ்சம் பொறுக்கலாம். முகம், உதடு, நாக்கு வீங்குறது, குரல் மாறுறது, மூச்சு முட்டுறது, உடம்பு பூரா தடிச்சி வாந்தி வர்றது, தலை சுத்தி விழுறது, இது ஒண்ணு வந்தாலும் அவங்க தான் முதல்ல போகணும், லொறியோ ஓட்டோவோ எது கிடைச்சாலும் சரி. நிறைய கொட்டு வாங்குனவங்களும், வயசானவங்களும், புள்ளத்தாச்சியும் அவங்களோடயே போகணும். மயக்கமா இருந்தா நிமித்தி படுக்க வச்சி கால கொஞ்சம் உயத்துங்க, எழும்பி நடக்க விடாதீங்க. மூச்சு முட்டுனா மட்டும் சாஞ்சி உக்கார விடலாம். ஆஸ்பத்திரியில தொடையில அட்ரினலின் ஊசி போடுவாங்க, போட்டு கொஞ்ச நேரத்துல ஆள் தெளிஞ்சிடுவார், அப்புறம் தான் வீட்டுக்கு போறேன்னு நிப்பார். விடாதீங்க. சில பேருக்கு சில மணித்தியாலம் கழிச்சி அதே நிலைமை திரும்பி வரும், அதுக்கு தான் வாட்டுல நிப்பாட்டி வச்சி பாக்குறாங்க. காட்டுல அலர்ஜினு எழுதியிருக்க வரிய ஒவ்வொரு தடவையும் டொக்டர்கிட்ட காட்டுங்க.

டெங்குல "கிரிட்டிக்கல் ஃபேஸ்"னா சாகப்போற கட்டமா?

அப்பிடி இல்ல, கவனமா பாக்க வேண்டிய கட்டம். ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியுற 24ல இருந்து 48 மணித்தியாலம், அனேகமா காச்சல் இறங்குற நேரத்துல தான் ஆரம்பிக்கும். கொழும்புல கடையில வேலை செய்யுற பையன் தீபாவளிக்கு காச்சலோட வருவான், மூணு நாலு நாள்ல காச்சல் விட்டதும் சுகம்னு நினைச்சி படுக்க விட்டுடுவோம், அந்த நேரம் தான் ஆபத்து. வயித்து வலி, விடாத வாந்தி, மூக்குல, பல்லு முரசுல ரத்தம், ஒண்ணுக்கு குறையுறது, சோந்து போறது இருந்தா காச்சல் இல்லாட்டியும் உடனே கொண்டு போங்க. பெனடோல (பரசிட்டமோல) தவிர வேற நோவு மாத்திரை குடுக்க வேணாம்.

ஸ்கேன்ல "மாஸ்", "லீசன்", "குரோத்"னு இருக்கு. கேன்சரா?

அந்த சொல்லுங்கள மட்டும் வச்சி சொல்ல ஏலாது. மாஸ்னா கட்டி, லீசன்னா மாத்தம் தெரியுற ஒரு இடம், குரோத்னா வளந்திருக்க ஒண்ணு. பெனைன்னு வந்தா கேன்சர் இல்லாத கட்டி, மலிக்னன்ட்னு வந்தா கேன்சர். அத முடிவு பண்ண சின்ன துண்டு எடுத்து பாக்குறது தான் பயொப்சி. கத்தி பட்டா பரவிடும்னு பயொப்சிக்கு பயந்து ஓடாதீங்க, ஓடுனா தான் வைத்தியம் பிந்தும்.

எலும்பு கிரக் தான், ஃபிரக்சர் இல்லனு சொன்னாங்களே?

கிரக்கும் ஃபிரக்சர் தான். ஹெயார்லைன் ஃபிரக்சர்னா மெல்லிசா விரிஞ்சிருக்கு, டிஸ்பிளேஸ்ட்னா எலும்பு இடம் மாறியிருக்கு. ஸ்பிரெய்ன்னா சுளுக்கு, டிஸ்லொகேசன்னா மூட்டு விலகியிருக்கு. பத்து போட்டு உருவுறதுக்கு முன்னால எக்ஸ்ரே எடுத்துடுங்க.

புள்ளைட வளர்ச்சி கொப்பியில "ஸ்டன்டட்", "வேஸ்டட்"னு எழுதியிருக்கு. வேஸ்ட்னா வீணா போன புள்ளையா?

அய்யோ அப்பிடி இல்ல. வேஸ்டட்னா உயரத்துக்கு ஏத்த எடை இல்ல, அண்மையில மெலிஞ்சிருக்கு, வயித்தோட்டமோ காச்சலோ வந்து சாப்பாடு குறைஞ்சிருக்கும், இதுக்கு அவசரமா பாக்கணும். ஸ்டன்டட்னா வயசுக்கு ஏத்த உயரம் இல்ல, ரொம்ப நாளா சத்து போதாம வந்தது, அதுல தாய் கர்ப்பத்துல இருந்த காலமும் சேரும். அன்டர்வெயிட்னா வயசுக்கு ஏத்த எடை இல்ல.

எங்க ஆளுங்க குட்டை தான், பரம்பரைனு சொல்லி விட்டுடுறோம், அத நான் ஒத்துக்க மாட்டேன். 2016ல எடுத்த குடிசன சுகாதார ஆய்வுல நாடு முழுக்க 5 வயசுக்கு குறைஞ்ச புள்ளைங்கள்ல 17 சதவீதம் ஸ்டன்டட், தோட்டப்பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 32 சதவீதம். பரம்பரைய விட சம்பளமும் சாப்பாடும் தண்ணியும் கக்கூசும் தான் அந்த வித்தியாசத்துக்கு பெரிய காரணம். கிளினிக்ல திரிபோஷ சத்துமா குடுத்தா அத வீட்டுல எல்லாருக்கும் பங்கு போடாம அந்த புள்ளைக்கே குடுங்க. முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை கிடைக்கிற அளவுக்கு சேருங்க. பிள்ளை மடுவத்துல (தோட்டத்துல புள்ளைங்கள பாத்துக்குற இடம்) விடுறப்ப என்ன சாப்பாடு குடுக்குறாங்கனு கேக்குற உரிமை தாய்க்கு இருக்கு.

"கம்ப்ளைன்ஸ் ஒஃப்", "டினைஸ்"னு எழுதி நம்மள குறை சொல்றாங்களா?

இல்ல, அது எழுதுற முறை. கம்ப்ளைன்ஸ் ஒஃப்னா நோயாளி சொன்ன கஷ்டம் இது. டினைஸ் அல்கஹோல்னா குடிக்கிறது இல்லனு சொன்னார். நோன் கேஸ் ஒஃப்னா இந்த வருத்தம் ஏற்கனவே இருக்க ஆள். கன்ஜெனிட்டல்னா பிறப்புலயே இருக்கு, பரம்பரைனு அர்த்தம் இல்ல. இடியோபதிக்னா காரணம் கண்டுபிடிக்க ஏலல. ஏஃபெப்ரைல்னா காச்சல் இல்ல, பேல்னா வெளிறியிருக்கு, இக்டெரிக்னா கண்ணு மஞ்சளா இருக்கு, ஒடீமானா நீர் வீக்கம்.

ஜி.சி.எஸ்.ங்குறது நினைவு எவ்வளவு இருக்குனு போடுற புள்ளி. 15னு இருந்தா முழு நினைவு, அது தான் ஆகக்கூடின புள்ளி, ஆகக்குறைஞ்சது 3. ஆழ்ந்த மயக்கத்துல இருக்கவருக்கும் 3 போடுவாங்க, பூஜ்ஜியம் கிடையாது.

"எல்.ஏ.எம்.ஏ." போட்டிருந்தா?

டொக்டர் சொல்றத கேக்காம நாங்களே கையெழுத்து வச்சி வந்துட்டோம்னு அர்த்தம். வேலைக்கு போகாட்டி அன்னிக்கு பேர் விழாதுனு, வீட்டுல புள்ளைங்க தனியா இருக்குனு நம்ம பக்கம் நிறைய பேர் இப்பிடி வர்றாங்க, அந்த கஷ்டம் எனக்கு விளங்குது. ஆனா அப்பிடி வந்தாலும் திரும்ப அதே ஆஸ்பத்திரிக்கு போக ஏலாதுனு ஒண்ணும் இல்ல. வருத்தம் கூடுனா வெக்கப்படாம போங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில அதுக்காக திருப்பி அனுப்ப மாட்டாங்க. போறதுக்கு முன்னால வெளி மருந்து துண்டாவது கேட்டு வாங்குங்க.

எக்ஸ்பையர்ட்?

மருந்து பெட்டியில இருந்தா தேதி முடிஞ்சது, பாவிக்க கூடாது. ஆள் பேருக்கு நேரா எழுதியிருந்தா இறந்துட்டாங்க.

டொக்டருக்கு தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலிஸ் தெரியாது. எப்பிடி கேக்குறது?

1987ல இருந்து தமிழும் இந்த நாட்டோட அரசகரும மொழி, அதனால தமிழ்ல சொல்லுங்கனு கேக்குறது யார்கிட்டயும் கெஞ்சுற விஷயம் இல்ல. வாட்டுல தமிழ் தெரிஞ்ச மிஸ் ஒருத்தராவது, இல்லாட்டி ஒரு அட்டன்டன் ஆவது இருப்பாங்க, அவங்கள கூப்பிட்டு டொக்டர் பக்கத்துல நிக்க சொல்லுங்க. யாரும் இல்லாட்டி நமக்கு தெரிஞ்ச சிங்களமே போதும், காட்ட காட்டி "மேக்கே லியலா தியென்னே மொகக்த"னு கேளுங்க, என்ன எழுதியிருக்குனு சொல்லுவாங்க. "ஆயெ என்ன ஓன கவத்த"னு கேட்டா திரும்ப வர வேண்டிய நாள சொல்லுவாங்க. வருத்தத்தோட பேர், மருந்து எத்தனை நாளைக்கு, எந்த அறிகுறி வந்தா உடனே ஓடி வரணும், திரும்ப வர்ற தேதி, இந்த நாலும் தெரியாம வாட் வாசல தாண்டாதீங்க. டிக்கட் வெட்டுற நேரம் எல்லாருக்கும் பஸ்ஸ பிடிக்கிற அவசரம் தான், இருந்தாலும் அந்த அஞ்சு நிமிசம் நில்லுங்க.

காட்ட போன்ல ரெண்டு பக்கமும் படம் எடுத்து வீட்டுல இன்னொருத்தருக்கும் அனுப்பி வைங்க. லேமினேட் பண்ண வேணாம், அடுத்த கிளினிக்ல டொக்டர் அதுலயே எழுதுவார். ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு வச்சா மழையிலயும் நனையாது.